திரவம் தவிர்ந்த ஏனைய போதைகள்

நாளைக் காலை எட்டு மணிக்கு என் அப்பா ஒரு குளிசை விழுங்கவேண்டும். மனநல வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசை. சட்டம் அனுமதித்தது. இரண்டு பேர் எட்டு மணித்தியாலம் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்கள். பதினேழு வருடமாக வராத நித்திரை அதற்குப் பிறகாவது வரலாம் என்று வைத்தியர் நம்புகிறார். இந்தப் பேராபத்திலிருந்து எங்கள் இனத்தைக் காப்பாற்றத்தான் தென்கிழக்கு மெல்பேர்ண் தமிழர் ஒன்றியம் போன சனிக்கிழமை நோபல் பார்க்கில் மாநாடு நடத்தியது.

எனக்குப் பயமாக இருக்கிறது. பகலில் யாரிடமும் சொல்ல முடியாது. பகலில் எல்லோரும் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள்.

அந்த மருந்தின் பெயர் எம்.டி.எம்.ஏ. இரவு விடுதிகளில் பெடியள் வேறு பெயர் வைத்து விழுங்குவதும் அதைத்தான். அப்பாவுக்கு அந்த வித்தியாசத்தை விளக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அவர் பெயர் பாஸ்கர். டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கிளினிக் தந்த முப்பத்துநாலு பக்கப் படிவத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இலவசமாகத் தருகிறோம் என்று கிளினிக்கில் கேட்டபோது அப்பா கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"ஐயோ, வேண்டாம். வாறது பிரவீணாவாத்தான் இருக்கும்."

பிரவீணா அன்ரி மொழிபெயர்ப்பாளர். ஒன்றியத்தின் செயலாளரும் அவர்தான். அதனால் பதினாறு வயதில் நான் மனநல ஆலோசகர் ஆனேன். ஒன்பதாம் பக்கத்தில், நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள் என்று பத்து வரி விட்டிருந்தார்கள். அப்பா '2009 மே' என்று எழுதினார். மிச்சத்தை அப்படியே விட்டார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை. தெரிஞ்சுதெண்டா நான் போகமாட்டன்," என்றார். அப்போது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கிளினிக் மல்கிரேவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதே கட்டடத்தின் மேல்தளத்தில் நான் கணக்குப் படிக்கப் போகும் டியூஷன் வகுப்பு. கீழே மனதைத் திறக்கிறார்கள். மேலே மூடுகிறார்கள். அப்பாவின் கார் அங்கே நிற்பதை யார் பார்த்தாலும், "மகளுக்கு மட்ஸ்" என்றால் போதும். ஆயத்தச் சந்திப்புகள் மூன்றும் இப்படியே முடிந்தன.

பிறகு டியூஷனுக்கு வந்த ஒரு தாய் கீழ்த்தளப் பெயர்ப்பலகையைப் படமெடுத்து, கூகிளில் தேடி, குழுவில் போட்டார். 'பிள்ளையளின்ர காலுக்குக் கீழ கஞ்சா!' அது கஞ்சா இல்லை என்று ஒருவர் எழுதினார். அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

இந்த வருடம் மாநிலத் தேர்தல். ஆகவே மூன்றாம் நாளே சுபாங்கன் அண்ணா வந்துவிட்டார். வயது இருபத்தேழு. எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் 'பல்கலாசார வியூக ஆலோசகர்'. கோட் சூட்டுக்கு வெள்ளைச் சப்பாத்து. அப்பாவும் செயற்குழுவில் இருப்பதால், அந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இந்த கிளினிக் விசயத்தில எங்களுக்கு ஒரு கொம்யூனிற்றி வொய்ஸ் வேணும்."

"நாங்கள்தானே தம்பி கொம்யூனிற்றி. கதைப்பம்."

"இல்லை அங்கிள், நீங்கள் கதைக்க வேண்டாம். எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்."

தலைவர் மகேந்திரராஜா அங்கிள் ஓய்வுபெற்ற பொறியியலாளர். இப்போது உபகுழுக்களைக் கட்டுகிறார். அன்றிரவே போதை எதிர்ப்பு உபகுழு ஒன்றைக் கட்டி, அதில் அப்பாவையும் போட்டார். வாயே திறக்காத ஒருவரை உபகுழுவில் போடுவது ஒன்றியத்தின் வழக்கம். திறப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தலைவர்களாக இருந்துவிட்டார்கள்.

"பாஸ்கர், உமக்கு இதில ஆட்சேபனை இல்லைத்தானே?"

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். "இல்லை அண்ணை."

அடுத்த வேலை பிரதம விருந்தினர். ஒன்றியத்தின் யாப்பில், அதாவது சட்டவிதிப் புத்தகத்தில், எழுதப்படாத விதி ஒன்று உண்டு. பிரதம விருந்தினரின் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று இருக்கவேண்டும். வெள்ளைக்காரராக இருந்தால் விசேஷம். பிரவீணா அன்ரி இந்த மருந்துகளைப் பற்றிப் பேசக்கூடிய டொக்டரை இணையத்தில் தேடி, முதலாவதாக வந்தவருக்கு மின்னஞ்சல் போட்டார். நாலு நிமிடத்தில் சம்மதம் வந்தது. இவ்வளவு வேகமாக எந்த டொக்டரும் ஒன்றியத்துக்குப் பதில் போட்டதில்லை. அங்கேயே யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

டொக்டர் வில்லோவுக்கு வயது எழுபத்தொன்று. நெஞ்சுவரை தாடி. பட்ட மரங்களில் முளைக்கும் போதைக் காளான்களை ஆராய்ந்து டொக்டர் பட்டம் வாங்கியவர். பிறகு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, அவற்றைச் சாப்பிடத் தொடங்கியவர். நியூ சவுத் வேல்ஸ் மலைக்காடு ஒன்றில் முப்பது வருடம் கூடாரத்தில் இருந்தாராம். இப்போது திறந்த மனக் கட்சியின் மேல்சபை வேட்பாளர். காளானையும் என் அப்பாவின் குளிசையையும் வைத்தியர் இல்லாமலே எல்லோருக்கும் கொடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஒன்றியம் இதில் 'டொக்டர்' என்பதை மட்டும் வாசித்திருந்தது.

சனிக்கிழமை குளிரில் அவர் வெறுங்காலுடன் வந்து இறங்கினார். அவர் எப்போதுமே வெறுங்கால்தான். வாசலில் நின்ற அன்ரிமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கோ, வெள்ளைக்காரன் எண்டாலும் குத்துவிளக்கு ஏத்த எண்டு சப்பாத்தைக் காரிலயே கழட்டிப்போட்டு வந்திருக்கிறார். எங்கட பிள்ளையள் படிக்கவேணும்."

விளக்கேற்றினார். தலைவர் பொன்னாடை போர்த்தினார். பிறகு டொக்டர் வில்லோ ஆங்கிலத்தில் பேசினார்.

"ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் ஞானிகள் பிரபஞ்சத்துடன் நேரில் பேசினார்கள்," என்று தொடங்கினார்.

மண்டபம் கைதட்டியது. ஐயாயிரம், ஆண்டு, தமிழ் மூன்றும் ஒரே வசனத்தில் வந்தால் எங்கள் ஆட்கள் கை தட்டாமல் இருந்ததில்லை.

"நானும் பேசினேன். எண்பத்தாறாம் ஆண்டு ஒரு காளான் என்னை அழைத்து, நீ யாருமில்லை, நான் என்பதே ஒரு மாயை என்றது. அன்றே என் பெயரை விட்டுவிட்டேன். சென்ற வருடம் அதே காளான் மறுபடி அழைத்து, மேல்சபைக்குப் போட்டியிடு என்றது. விருப்பு வாக்குகளை எந்தக் கட்சியுடன் பேரம்பேசி மாற்றிக்கொள்வது என்பதையும் அதுவே சொன்னது. அதிகாரம் என்பது ஒரு நோய். அதை ஒழிக்கும் குழுவுக்குத் தவிசாளராக இருக்க நான் தயார்."

கடைசி வசனத்துக்குத் தலைவரே எழுந்து தட்டினார். குழு, தவிசாளர், தயார். பிறகுதான் குனிந்து பிரவீணா அன்ரியின் காதில் கேட்டார். நான் பக்கத்திலேயே மேடைப் படியோரம், போதைக்கு எதிரான பேச்சுப்போட்டிக்கு என் முறை வரும்வரை காத்திருந்தேன்.

"இந்தாள் எதிர்க்கிறவரோ, ஆதரவோ?"

"டொக்டர் எண்டு போட்டிருந்தது அண்ணை."

"பொன்னாடை போத்தாச்சே?"

"நீங்கள்தானே போத்தினீங்கள்."

"அப்ப ஒண்டும் செய்யேலாது."

மேடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் தொடங்கியது. வில்லோவின் பிரசார முகாமையாளர் பார்கவி அக்காவும் வந்து சேர்ந்துகொண்டார். சென்னைக்காரர். முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் பிஸினஸ் அனலிஸ்ட். சுபாங்கன் அண்ணா அவரைப் பார்த்ததும் சிவந்துவிட்டார்.

"இது எங்கட ஈவென்ற். உங்கட ஆளை இறக்குங்கோ."

"முறைப்படி இன்விடேஷன் வந்திருக்கு, ப்ரதர். வில்லோ யாருக்கும் கட்டுப்படமாட்டார். அவரோட கான்ட்ராக்ட்லயே அது தெளிவா இருக்கு, கிளாஸ் ஃபோர்."

"எனக்கு இண்டைக்கு நூறு தமிழ் ஆக்கள் 'வேண்டாம்' எண்டு பலகை பிடிச்ச படம் வேணும்."

"எங்களுக்கும் நூறு பேர்தான் வேணும். ஆனா 'வேணும்'னு பிடிக்கணும்."

இரண்டு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். பொறியியலாளர் அல்லவா, ஐந்து நிமிடத்தில் தீர்வு கண்டார். நூறு பேரும் முதலில் 'வேண்டாம்' பலகையுடன் மேடைக்கு வலப்பக்கம் நிற்பார்கள். பிறகு அதே நூறு பேரும் 'வேண்டும்' பலகையுடன் இடப்பக்கம் நிற்பார்கள். இரண்டு படமும் எடுத்து முடிந்த பிறகுதான் ரோல்ஸும் கட்லட்டும் வெளியே வரும். ஒன்றியத்தில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் இதுதான். இரண்டு படத்திலும் நான் இருக்கிறேன். இரண்டிலும் அப்பா இருக்கிறார், பலகைக்குப் பின்னால்.

ஆனால் சுபாங்கன் அண்ணா விடவில்லை. பெரிய வெள்ளைப் பலகை ஒன்றை மேடைக்குக் கொண்டுவரச் செய்தார். செயற்குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் வந்து, எல்லோருக்கும் முன்னால் அதில் கையெழுத்து வைக்கவேண்டும். உறுதிமொழியைத் தலைவர் வாசித்தார்.

"நானும் எனது குடும்பத்தாரும், வைத்தியர் எழுதித் தந்தாலும்கூட, மனதை மாற்றும் எந்தப் பொருளையும் உட்கொள்ளமாட்டோம் என்று இத்தால் உறுதி கூறுகிறோம்."

நான் கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடினேன். என் அப்பா வாய் திறப்பது குறைவு, ஆனால் வைத்த கையெழுத்துக்கு மாறாக நடந்ததே இல்லை. வைத்தாரென்றால் செவ்வாய்க்கிழமை குளிசைக்குப் போகமாட்டார்.

நடுவரிசையிலிருந்து சடகோபன் அங்கிள் கை உயர்த்தினார். திருச்சிக்காரர், கணக்காளர், எதையும் முழுதாக வாசிப்பவர்.

"தலைவரே, எந்தப் பொருளையும்னா? காபியுமா?"

"கோப்பி மனசை மாத்துமோ?"

"எங்க வீட்ல மாத்தும் சார்."

"அப்ப விஸ்கி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் திடீரென்று மிகவும் பொறுப்புள்ள மண்டபமாக மாறியது. வெளியே கார் நிறுத்தத்தில் ஒன்றியத்தின் முன்னாள் தலைவர்கள் நாலு பேர், ஒரு காரின் டிக்கியைத் திறந்துவைத்து, மாநாட்டின் வெற்றிக்காகப் பிளாஸ்டிக் கோப்பைகளுடன் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். இருபத்தைந்து நிமிட விவாதம். விஸ்கி போதை அல்ல, உபசாரம் என்று ஒருவர் வாதிட்டார். அரிஷ்டத்தில்கூட அது இருக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் திருத்தம் வந்தது. 'மனதை மாற்றும் எந்தப் பொருளையும்' என்பதற்குப் பதிலாக, 'திரவம் தவிர்ந்த ஏனைய, மனதை மாற்றும் எந்தப் பொருளையும்.' முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், தட்டினார்கள்.

பார்கவி அக்கா இதை வில்லோவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். கிழவரின் முகம் மலர்ந்தது.

"திரவம் பரவாயில்லையா? நான் காளானைத் தேநீராக மட்டுமே குடிக்கிறேன்," என்று சொல்லி, மார்க்கரை வாங்கி, உறுதிமொழியில் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார். கீழே ஒரு சூரியனும் வரைந்தார். சுபாங்கன் அண்ணா படமெடுத்தார். காளான் வேட்பாளர் போதைக்கு எதிராகக் கையெழுத்திட்டார் என்று செய்தி போடலாம் அல்லவா. பார்கவி அக்காவும் படமெடுத்தார். அவர் என்ன செய்தி போட்டார் என்று நான் பார்க்கவில்லை.

அடுத்து முன்னாள் தலைவர்கள் நாலு பேரும் கொஞ்சம் ஆடியபடி வந்து வைத்தார்கள். தலைவர் வைத்தார். பிரவீணா அன்ரி வைத்தார். தேநீராகக் குடிப்பவருக்குப் பிரச்சினையில்லை, கோப்பையில் குடிப்பவர்களுக்கும் பிரச்சினையில்லை. அந்த மண்டபத்தில் பொய் சொல்லாமல் கையெழுத்து வைக்க முடியாதவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் வைத்தியரின் கடிதம் இருந்தது.

"அடுத்து, உபகுழு உறுப்பினர் திரு. பாஸ்கர்."

அப்பா போனார். மார்க்கரை வாங்கினார். பலகைக்கு முன்னால் நின்றார். நான் எண்ணினேன். பதினொன்றுவரை எண்ணினேன்.

"வையும் பாஸ்கர், ரோல்ஸ் ஆறுது," என்றார் தலைவர் ஒலிவாங்கியில்.

அப்பா திரும்பினார். ஒலிவாங்கி அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது, அதனால் அவர் மெல்லச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது.

"என்னால வைக்கேலாது அண்ணை. வாற செவ்வாய்க்கிழமை எனக்கு அந்தக் கிளினிக்கிலதான் மருந்து. குளிசை."

ஓர் அன்ரி வாயில் கை வைத்தார். யாரோ "என்னது, பாஸ்கரோ?" என்றார். என்னை எல்லோரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள், குடும்பத்தோடே விழுங்குகிறோமா என்று சரிபார்ப்பதுபோல. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றியத்தில் ஒருவர் உண்மை சொன்னால் என்ன செய்யவேண்டும் என்று யாப்பில் இல்லை. நிகழ்ச்சிநிரலைத் தூக்கி மேலும் கீழும் பார்த்தார். விருந்தினர் பிந்தி வந்ததால் இரண்டாம் இலக்கம் விடுபட்டிருந்தது.

"இப்ப... இப்ப எல்லாரும் எழும்புங்கோ. போரில இறந்த எங்கட உறவுகளுக்காக ரெண்டு நிமிச அகவணக்கம்."

எல்லோரும் எழும்பினார்கள். ஏசுவதற்காக எடுத்த மூச்சை அப்படியே அடக்கிக்கொண்டு தலை குனிந்தார்கள். வில்லோ கண்ணை மூடினார். சுபாங்கன் அண்ணா போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அப்பா மட்டும் தலை குனியவில்லை. மார்க்கருடன் மேடையில் நின்று, ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. இரண்டு நிமிடம் இவ்வளவு நீளம் என்பதும் எனக்குத் தெரியாது.

என் பேச்சுப்போட்டி நடக்கவில்லை. நாங்கள் காருக்குப் போனோம். இரண்டு கட்சிக்காரரும் துரத்திக்கொண்டு வந்தார்கள்.

"அங்கிள், உங்க ஸ்டோரி ரொம்ப பவர்ஃபுல்," என்றார் பார்கவி அக்கா. "ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவீங்களா? ஒரு வீடியோதான்."

"பதினேழு வருசமாச் சொல்லேலாமல்தான் பிள்ளை, அந்தக் குளிசை."

"அங்கிள்," என்றார் சுபாங்கன் அண்ணா, "நீங்கள் கொம்யூனிற்றியைச் சேர்ந்த ஆள் இல்லை எண்டு சின்னதா ஒரு ஸ்டேட்மென்ற் போடுறம். உங்கட பிறைவசிக்காகத்தான்."

அப்பா காரை எடுத்தார். அன்றிரவும் சாப்பிடவில்லை, ஞாயிறும் சாப்பிடவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி நான் என்னெண்டு அங்க போறது? காருக்குள்ள இருந்து இறங்கவே எல்லாரும் பார்ப்பினம்," என்றார். அம்மா கெஞ்சினார். நான் கத்தினேன், ஆங்கிலத்தில், ஏனென்றால் எனக்குக் கோபம் தமிழில் வராது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து கிளினிக்குக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றார்.

இன்று, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்றியத்தின் கடிதம் வந்தது. 'தங்களின் உறுப்புரிமையை ஏன் நீக்கக்கூடாது என்பதற்குப் பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரவும். தலைவர், மகேந்திரராஜா.' அப்பா வந்து அதை நின்றபடியே வாசித்தார். பிறகு கிளினிக்கின் இலக்கத்தைத் தேடிப் போனை எடுத்தார். அது அவர் கையிலேயே அடித்தது.

பிரவீணா அன்ரி. அப்பா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார், ஏச்சை நாங்கள் மூவரும் பங்குபோட்டுக்கொள்ளட்டும் என்று.

"பாஸ்கர் அண்ணை, அந்த இடத்தில... பெண் டொக்டரும் இருக்கினமோ? எனக்கில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இருக்கினம்," என்றார்.

இரவு ஒன்பது மணிக்குள் ஏழு அழைப்புகள். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு 'தெரிந்தவர்' இருந்தார். ஒருவருக்குத் தெரிந்தவர் பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாராம். முன்னாள் தலைவர்களில் ஒருவருக்குத் தெரிந்தவர், டிக்கியைத் திறக்காமல் ஒரு சனிக்கிழமையைக் கூடக் கடத்த முடியாதவராம். எவரும் தங்களுக்கென்று கேட்கவில்லை. அப்பா ஒவ்வொருவருக்கும் விளக்கினார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. கிளினிக்குக்கு எடுக்கவேண்டிய அழைப்பு மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

ஒன்பதே முக்காலுக்குக் கடைசி அழைப்பு. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல், மிக மெல்ல, குளியலறைக்குள் இருந்து கதைப்பதுபோல் எதிரொலித்தது.

"பாஸ்கர், மகேந்திரராஜா கதைக்கிறன். ஒராள் இருக்கிறார். தெரிஞ்ச ஆள். அவற்ற தம்பியை... அது பழைய கதை. அந்தாளுக்கு விடியக்காலமை மூண்டு மணிக்குப் பிறகு நித்திரையே இல்லை. எழும்பி இருந்து யாப்புத் திருத்தங்கள் எழுதுறார்."

அப்பா போனைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"அந்தக் குளிசை வேலை செய்யுமோ பாஸ்கர்?"

"தெரியாது அண்ணை," என்றார் அப்பா. "நாளைக்குப் போட்டு வந்து சொல்லுறன்."

அம்மா குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். நான் மூச்சுவிடாமல் இருந்தேன், அப்பா தான் சொன்னதைத் தானே கேட்டு மனம் மாறிவிடக்கூடாதே என்று.

"ஓம், ஓம். சொல்லும். அந்தாள் பார்த்துக்கொண்டிருப்பார்," என்றார் தலைவர். வைக்கப்போனவர் மறுபடி கூப்பிட்டார். இப்போது குரல் கொஞ்சம் பலத்திருந்தது. "பாஸ்கர், எண்டாலும் அந்தக் கடிதத்துக்குப் பதினாலு நாளுக்குள்ள பதில் வந்திடவேணும், என்ன? நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு."